தண்ணீருக்குள் பிளாஸ்ரிக்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை?



கனடாவுக்கு வந்து இறங்கும் எங்கள் குடும்பங்கள் முதல் கிழமையிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணை, இந்தப் பைப் தண்ணியை அப்படியே குடிக்கலாமோ?" கேள்வியில் பிழை இல்லை. நாங்கள் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்கள். எது நன்னீர்க் கிணறு, எது உவர்க் கிணறு என்று ஒரு மிடறு குடித்தே சொல்லக்கூடியவர்கள். இடம்பெயர்ந்த காலங்களில் தண்ணீர் பவுசர் வரும்வரை வாளியோடு வரிசையில் நின்றவர்கள். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் எவ்வளவு பெரிதாக எழுந்தது என்பதும் எமக்குத் தெரியும். தண்ணீரைச் சந்தேகத்தோடு பார்ப்பது எங்கள் சனத்துக்குப் பழகிப்போன விடயம்.

இப்போது அந்தச் சந்தேகத்துக்குப் புதிதாக ஒரு பெயர் வந்துள்ளது. அதுதான் நுண்பிளாஸ்ரிக். தொலைபேசியில் வரும் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டுப் பல வீடுகளில் பெட்டி பெட்டியாகப் போத்தல் தண்ணீர் வாங்குகிறார்கள். இன்னும் சிலர், கதவைத் தட்டி வருபவர்களின் கதையைக் கேட்டு, மாதாமாதம் காசு கட்டும் வடிகட்டிக்குக் கையெழுத்து வைக்கிறார்கள்.

நாங்கள் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்ல. ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் பொருட்கள் வார்க்கும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர்கள். நாளாந்தம் பிளாஸ்ரிக்கோடு புழங்குகிறவர்கள் என்பதால் இந்த விடயத்தைத் தேடி வாசித்தோம். அறிந்ததை எமது மக்களுக்குச் சொல்வது கடமை என்று நினைத்து எழுதுகிறோம்.

நுண்பிளாஸ்ரிக் என்றால் என்ன?

5 மில்லிமீற்றருக்குச் சிறிய பிளாஸ்ரிக் துண்டுகள் எல்லாவற்றையும் நுண்பிளாஸ்ரிக் என்று சொல்கிறார்கள். இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தொம்சன் என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே இந்தச் சொல் பரவலானது. கண்ணுக்குத் தெரியும் துண்டும் உண்டு. மயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத தூளும் உண்டு.

இவை இரண்டு வழியில் வருகின்றன. ஒன்று, பெரிய பிளாஸ்ரிக் உடைந்தும் தேய்ந்தும் வருவது. பிளாஸ்ரிக் உக்காது. வெயிலில் காய்ந்து, நொறுங்கி, சிறிதாகிக்கொண்டே போகும். வாகன ரயர் வீதியில் தேய்வதிலும், பொலியெஸ்ரர் உடுப்பு இயந்திரத்தில் அலசுப்படுவதிலும் இது உண்டாகிறது. மற்றது, தொடக்கத்திலேயே சிறிதாகச் செய்யப்படுவது. முகம் கழுவும் பசைகளில் முன்பு போட்டுவந்த சிறு உருண்டைகள் இந்த வகை. அவற்றைக் கனடா அரசு 2018இல் தடை செய்தது. எங்கள் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாக வரும் பிளாஸ்ரிக் மணிகளும் இதே வகைதான்.

தொழிற்சாலைத் தரையிலிருந்து ஏரிக்கு

இந்த மணிகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மைசூர்ப் பருப்பு அளவில், வெள்ளையாகவோ கண்ணாடி நிறத்திலோ இருக்கும். பெரிய அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கும். குழாய் வைத்து இயந்திரத்தின் மேலுள்ள புனலுக்குள் உறிஞ்சி, உருக்கி, அச்சுக்குள் அடிப்போம். வாளி, மூடி, சாப்பாட்டுப் பெட்டி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் இந்த மணியிலிருந்து வருகின்றவையே.

ஒரு பெட்டி கிழிந்தால், அல்லது குழாய் கழன்றால், தரை முழுக்க மணி கொட்டுண்டு போகும். கால் வைத்தால் வழுக்கும். போர்க்லிப்ற் சில்லில் ஒட்டிக்கொண்டு வெளி முற்றத்துக்குப் போகும். பிறகு மழை வரும். ஸ்காபரோ போன்ற இடங்களில் வீதியோரக் கம்பி மூடிக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் கழிவுநீர் நிலையத்துக்குப் போவதில்லை. நேரே ஹைலண்ட் கிறீக் போன்ற ஓடைக்குப் போய், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. இடையில் அதை யாரும் சுத்திகரிப்பதில்லை.

2018 ஒக்ரோபரில் ஐந்து பேரேரிகளின் கரைகளிலும் 66 இடங்களில் ஆய்வாளர்கள் இந்த மணிகளைத் தேடினார்கள். 12,595 மணிகள் அகப்பட்டன. தேடிய இடங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இவை இருந்தன.

இலங்கையிலிருந்து வந்த எமக்கு இது புதுக்கதை அல்ல. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, பிறகு மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கப்பலில் இருந்து ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கொட்டின. மேற்குக் கரையில் மீனவர்கள் வலை போட முடியாமல் இருந்தார்கள். மணலோடு சேர்ந்து வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தவை, நாங்கள் இங்கு இரவில் இயந்திரத்துக்குள் அடிக்கும் அதே பொருள்தான். அங்கே ஒரேயடியாகக் கொட்டியது உலகத்துக்குத் தெரிந்தது. இங்கே கைப்பிடி கைப்பிடியாகப் போவது ஒருவர் கண்ணிலும் படுவதில்லை.

ஏரியிலிருந்து உங்கள் குசினிக்கு

ரொறன்ரோவில் நாங்கள் குடிப்பது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர். நகரத்துக்கு நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. நாளொன்றுக்கு 100 கோடி லீற்றருக்கு மேல் அவை சுத்திகரிக்கின்றன. மார்க்கம் உட்பட்ட யோர்க் பகுதிக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. பிரம்ரன், மிசிசாகா, ஏஜாக்ஸ் ஆகிய இடங்களிலும் இதே ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். நாங்கள் கழுவி ஊற்றும் தண்ணீரும் சுத்திகரிக்கப்பட்டுப் பிறகு இதே ஏரிக்குத்தான் திரும்புகிறது. வேறு இடம் இல்லை.

அப்படியானால் ஏரியிலுள்ள பிளாஸ்ரிக் எல்லாம் எங்கள் பைப்பில் வருகிறதா? இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீருக்குள் படிகாரம் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். ஊரில் கலங்கல் தண்ணீருக்குள் தேத்தாங்கொட்டை உரைத்து விட்டால் அழுக்குத் திரண்டு அடியில் இறங்குமல்லவா? அதே வேலைதான். திரண்டதை இறக்கிவிட்டு, மிச்சத் தண்ணீரை மணல் முதலிய படைகளுக்கூடாக வடிக்கிறார்கள். கிருமிகளை அழிக்கக் குளோரின் சேர்க்கிறார்கள். இந்த விதமான சுத்திகரிப்பு நுண்பிளாஸ்ரிக்கை அகற்றுவதிலும் பயனுள்ளது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

ஒன்ராறியோவின் குடிநீர்ச் சட்டங்கள் ஏன் கடுமையானவை என்பதையும் அறிந்திருப்பது நல்லது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வோக்கர்ட்டன் என்ற சிறிய ஊரில் குடிநீரில் ஈ. கோலை கிருமி கலந்து 7 பேர் இறந்தார்கள். 2,000க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். அதன் பிறகு 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. நகரசபைகள் தண்ணீரைத் தொடர்ந்து சோதித்து, ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். அந்த அறிக்கையை எவரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஆங்கிலம் தடையென்றால் பள்ளிக்குப் போகும் பிள்ளையை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு குறை இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஈயத்துக்கும் கிருமிகளுக்கும் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று கனடாவில் கணக்கு உண்டு. நுண்பிளாஸ்ரிக்குக்கு அப்படி ஒரு கணக்கு இன்னும் வகுக்கப்படவில்லை.

போத்தல் தண்ணீர் தப்புமா?

இங்கேதான் எமது மக்கள் ஏமாறுகிறார்கள். பிளாஸ்ரிக்குக்குப் பயந்து பிளாஸ்ரிக் போத்தலில் அடைத்த தண்ணீரை வாங்குகிறார்கள். 2018இல் அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 9 நாடுகளில் வாங்கிய 259 போத்தல்களைச் சோதித்தார்கள். 93 வீதமானவற்றில் நுண்பிளாஸ்ரிக் இருந்தது. அதே குழு அதற்கு முன்பு குழாய்த் தண்ணீரைச் சோதித்துக் கண்ட அளவோடு ஒப்பிட்டால், போத்தலில் இருந்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் இதைவிட நுண்ணிய முறையில் எண்ணினார்கள். ஒரு லீற்றர் போத்தல் தண்ணீரில் சராசரி 2 இலட்சத்து 40 ஆயிரம் துணிக்கைகள். அதில் 90 வீதம் மிகமிகச் சிறியவை. போத்தலின் பிளாஸ்ரிக் மட்டுமல்ல, அந்தத் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் வடிகட்டியிலிருந்து வந்திருக்கக்கூடிய நைலோன் வகைப் பிளாஸ்ரிக்கும் அதில் இருந்தது.

காசுக் கணக்கையும் பார்ப்போம். 24 போத்தல் கொண்ட பெட்டியில் 12 லீற்றர் தண்ணீர். மலிவு விலையில் 3 டொலர் என்றே வைப்போம். நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 6 லீற்றர் என்றால், இரண்டு நாளுக்கு ஒரு பெட்டி. மாதம் 45 டொலர். வருடத்துக்கு 540 டொலருக்கு மேல். ரொறன்ரோவில் 1,000 லீற்றர் குழாய்த் தண்ணீரின் விலை ஏறக்குறைய 5 டொலர். அதே அளவைப் போத்தலில் வாங்கினால் 250 டொலர். பேஸ்மென்ற்றில் இருக்கும் பல குடும்பங்களுக்கு வாடகைக்குள்ளேயே தண்ணீர்க் காசும் அடங்கிவிடுகிறது. ஏஜென்சி மூலம் மணித்தியாலக் கூலிக்கு நிற்கும் எமக்கு 540 டொலர் என்பது எத்தனை நாள் உழைப்பு? ஊரில் அம்மாவின் மருந்துக்கு அனுப்பும் காசு அல்லவா அது?

கதவைத் தட்டி வருபவர்கள்

புதிதாக வந்த குடும்பங்களின் வீட்டுக்குச் சிலர் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். நகரசபையின் ஆள்போலப் பேசுவார்கள். பைப் தண்ணீரை ஒரு கிளாசில் எடுத்து, ஏதோ ஒரு துளி விட்டு நிறம் மாற்றிக் காட்டுவார்கள். "இதைத்தான் உங்கள் பிள்ளை குடிக்குது" என்பார்கள். அடுத்தது ஒப்பந்தப் பத்திரம்.

இதைக் கவனமாக வாசியுங்கள். 2018 மார்ச் 1ஆம் திகதியிலிருந்து, நீங்கள் அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து தண்ணீர் வடிகட்டி விற்க, வாடகைக்குக் கொடுக்க ஒப்பந்தம் எழுதுவது ஒன்ராறியோவில் சட்டத்துக்கு மாறானது. அப்படி எழுதிய ஒப்பந்தம் செல்லாது. கையெழுத்து வைத்தவர்கள் பயந்து பேசாமல் இருக்க வேண்டாம். ஒன்ராறியோ அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு அறிவியுங்கள். உங்கள் அகதி வழக்குக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வடிகட்டி வேண்டும் என்று விரும்பினால் கடையில் சிறியதாக வாங்கலாம். பெட்டியில் என்.எஸ்.எப். 401 என்ற தரக்குறியும், நுண்பிளாஸ்ரிக் குறைக்கும் என்ற வாசகமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஈயத்துக்கு என்.எஸ்.எப். 53. உள்ளே இருக்கும் வடியைக் காலத்துக்குக் காலம் மாற்றாவிட்டால் பயனில்லை.

உடம்புக்கு என்ன செய்யும்?

தண்ணீரிலுள்ள இந்த அளவு நுண்பிளாஸ்ரிக் மனிதருக்குத் தீங்கு செய்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதோடு, மேலும் ஆராய வேண்டும் என்றும் சொன்னது. 2024 மார்ச்சில் இத்தாலி மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வந்தது. கழுத்து இரத்தக் குழாயில் படிந்த கொழுப்பைச் சத்திரசிகிச்சையில் எடுத்த 257 பேரில், 150 பேரின் கொழுப்புக்குள் பிளாஸ்ரிக் இருந்தது. அவர்களில் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும் இறந்தவர்களும் மற்றவர்களைவிட 4 மடங்குக்கு மேல். பிளாஸ்ரிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் கவனம் தேவை என்பதைக் காட்டுகிறது.

ஆகவே, பயந்து காசைக் கொட்டவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். குறைக்கக்கூடிய இடத்தில் குறைப்போம். அந்த இடங்கள் பெரும்பாலும் பைப்பில் இல்லை. எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, குழந்தையின் பால் போத்தல். டப்ளின் ட்ரினிற்றிக் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் பொலிபுரொப்பிலீன் போத்தல்களில் பால்மா கரைக்கும் முறையைச் செய்து பார்த்தார்கள். ஒரு லீற்றருக்கு 1 கோடி 60 இலட்சம் துணிக்கைகள் வரை கழன்று வந்தன. தண்ணீரின் சூடு கூடக்கூட அதுவும் கூடியது. ஆகவே கொதித்தாறிய தண்ணீரையும் பால்மாவையும் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் கரைத்து, குடிக்கும் பதத்துக்கு ஆறிய பிறகு போத்தலில் ஊற்றுங்கள். பிளாஸ்ரிக் போத்தலை மைக்றோவேவில் வைக்க வேண்டாம். கண்ணாடிப் போத்தலும் கடைகளில் உண்டு.

இரண்டாவது, சூட்டுச் சாப்பாடு. வேலைக்குக் கொண்டுபோகும் சோற்றையும் கறியையும் சுடச்சுட பிளாஸ்ரிக் பெட்டியில் போட வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் பாத்திரம் இதற்கு உதவும்.

மூன்றாவது, தேநீர். 2019இல் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தினர் பிளாஸ்ரிக்கால் செய்த தேயிலைப் பையைக் கொதிநீரில் போட்டுப் பார்த்தபோது, ஒரு பையிலிருந்து 1,160 கோடி நுண்துணிக்கைகள் வந்தன. எங்கள் தேயிலைத் தூளும் எவர்சில்வர் வடியும் இருக்க, பளபளக்கும் அந்தப் பை எதற்கு?

நான்காவது, கொதிக்க வைப்பது. யாழ்ப்பாணத்தில் கேத்திலுக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவது நினைவிருக்கும். சீன ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டதன்படி, அப்படிச் சுண்ணாம்பு கூடிய தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்தப் படிவு பிளாஸ்ரிக் துகளைப் பிடித்துக்கொள்கிறது. 90 வீதம் வரை குறையலாம். சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில் 25 வீதமளவே குறையும். ஆறவிட்டு, தெளிந்ததை வடித்துக் குடியுங்கள். பிளாஸ்ரிக் கேத்தில் வேண்டாம்.

ஆனால் கொதிக்க வைப்பதால் ஈயம் போகாது. 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடுகளுக்கு ஈயக் குழாய் இருக்கலாம். அப்படிப்பட்ட பழைய வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் 311 இலக்கத்துக்கு அழைத்து நகரசபையிடம் விசாரியுங்கள். காலையில் பைப்பைத் திறந்து தண்ணீர் நன்கு குளிரும்வரை ஓடவிட்டுப் பிடியுங்கள். சமையலுக்குச் சுடுதண்ணீர்ப் பைப்பில் பிடிக்க வேண்டாம். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு இது பிளாஸ்ரிக்கைவிட முக்கியமானது.

ஐந்தாவது, உடுப்புத் தோய்ப்பது. பிளிமத் பல்கலைக்கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, 6 கிலோ அக்ரிலிக் உடுப்பை ஒருமுறை தோய்த்தால் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் கழன்று போகலாம். எங்கள் நைலெக்ஸ் சேலையும், பனிக்கால ஸ்வெற்றரும், பிள்ளைகளின் விளையாட்டு உடுப்பும் இந்த வகைதான். இயந்திரம் நிரம்பியபின் போடுங்கள். குளிர்தண்ணீரில், குறுகிய நேரம் ஓடவிடுங்கள். உலர்த்தியில் சேரும் பஞ்சைக் குப்பையில் போடுங்கள், பேசினில் கழுவ வேண்டாம். ஒன்ராறியோவில் பரி சவுண்ட் என்ற ஊரில் 97 வீடுகளின் சலவை இயந்திரங்களுக்கு வடிகட்டி பூட்டினார்கள். அந்த ஊரின் கழிவுநீர் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் இழைகள் 41 வீதம் குறைந்ததாக 2021இல் அறிவித்தார்கள். ஓர் ஊரில் எல்லா வீடும் அல்ல, பத்தில் ஒரு பங்கு வீடுகள் செய்ததன் பயன் இது.

வேலையிடத்தில்

எங்களைப் போல் பிளாஸ்ரிக் தொழிற்சாலைகளில் நிற்பவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். மணி கொட்டினால் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம். கூட்டி அள்ளுங்கள். சாமான் இறக்கும் வாசலிலும் முற்றத்து வடிகாலிலும் கம்பிவலை போடச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். கொட்டுவது கம்பனியின் காசு, ஆகவே அவர்களுக்கும் இலாபம்தான். கழிவுப் பிளாஸ்ரிக்கை அரைக்கும் இயந்திரத்தில் நிற்பவர்கள் தூசு மூக்குக்குள் போகாதபடி முகமூடி கேட்டு வாங்குங்கள். கையாளும் பொருளின் ஆபத்தை அறியும் உரிமையும், ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையும் ஒன்ராறியோச் சட்டத்தில் தொழிலாளிக்கு உண்டு. ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கும் அது பொருந்தும். தனியே கேட்கத் தயக்கமென்றால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். நாங்கள் அப்படித்தான் கேட்டோம். எங்கள் முற்றத்து வடிகாலுக்கு இப்போது வலை இருக்கிறது. மழை பெய்து விட்டபின் அதில் மணிகள் தங்கியிருப்பதைக் காண்கிறோம். அவ்வளவும் முன்பு ஏரிக்குப் போனவை.

பைப் தண்ணீரைக் குடியுங்கள். பிள்ளைக்கு எவர்சில்வர் போத்தலில் நிரப்பிப் பள்ளிக்குக் கொடுத்து விடுங்கள். மிஞ்சும் காசைக் குடும்பத்துக்கு வையுங்கள். புதிதாக வந்த ஒரு குடும்பமாவது உங்கள் பக்கத்தில் இருக்கும். இந்தப் பக்கத்தை அவர்களிடமும் கொடுங்கள், யாராவது அவர்கள் கதவைத் தட்டுவதற்கு முன்னால்.